வரையாட்டு வேட்டையின் திட்டமிடல்: நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளில் அறிவும் உழைப்பும் உரிமையும் (1819–1972)

ஆய்வுச் சுருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் வாழும் வரையாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வேட்டையாளர்கள் பெரிதும் நாடிய விலங்காக இருந்தது. அவ்வேட்டைக்குரிய பயணம், பருவம், வழிகாட்டிகள், உரிமம் ஆகியவை எவ்வாறு திட்டமிடப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேட்டை நூல்கள் தனிமனிதர் ஒருவரின் வீரமாகக் காட்டுவது உண்மையில் கூட்டு உழைப்பால் நிகழ்ந்தது என்பதும், வேட்டைக்காகத் திரட்டப்பட்ட அறிவே பிற்காலப் பாதுகாப்பின் அடித்தளமாயிற்று என்பதும், அந்த அடித்தளத்துக்குள் மலைமக்களின் விலக்கமும் சேர்ந்தே இடம்பெற்றது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வரையாடு, வருடை, நீலகிரி வேட்டைச் சங்கம், முக்குருத்தி, இரவிகுளம், முதுவர், தோடர், குறும்பர், காட்டுயிர்ப் பாதுகாப்பு.

முன்னுரை

தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாட்டைக் காப்பதற்காக 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம் ஒன்றை அறிவித்தது. அதன் ஒரு பகுதியாக ஆண்டுதோறும் அக்டோபர் 7-ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1975-இல் இவ்விலங்கைப் பற்றிய முன்னோடிக் கள ஆய்வுகளுள் ஒன்றை மேற்கொண்ட இ.ஆர்.சி. தாவீதாரைச் சிறப்பிப்பது இந்நாளின் நோக்கம். குன்னூரில் வழக்கறிஞராக விளங்கிய தாவீதார் வேட்டைச் சங்கத்தின் மரபோடு தொடர்புடையவர். பின்னர்க் காட்டுயிர்க் காவலராகப் பெயர் பெற்றவர். ஒருவரது வாழ்விலேயே வேட்டை மரபும் காப்பு மரபும் இணைந்து நிற்பது தற்செயலானதன்று. வரையாட்டின் நவீன வரலாறே அத்தகைய இணைப்பினால் ஆனது.

'வேட்டையாடியவர்களே வரையாட்டைக் காப்பாற்றினர்' என்ற கருத்து காட்டுயிர் எழுத்துகளில் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. எனினும் முழு உண்மையை அறிய வேட்டையின் முடிவாகிய கொம்புகளையும் தலைகளையும் விட, வேட்டைக்கு முந்தைய ஏற்பாடுகளை நோக்குவதே பயன்தரும். எங்கே செல்வது, எப்போது செல்வது, யாருடன் செல்வது, எதைச் சுடுவது, யாருடைய இசைவுடன் சுடுவது என்னும் ஐந்து வினாக்களுக்கான விடைகளில் அக்கால அதிகார அமைப்பு முழுவதும் பதிந்துள்ளது.

1. வருடை, ஐபெக்ஸ், வரையாடு

வரையாட்டைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக அறியும். சங்க நூல்களில் பயிலும் 'வருடை' என்னும் சொல் மலைச்சாரலில் வாழும் இவ்விலங்கைக் குறிப்பதாக அறிஞர் பலர் கொள்வர். ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் இதனை உயர்ந்த மலைக்குரிய விலங்காகக் காட்டுகிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் இது எதிர்பாராத ஓரிடத்தில் தோன்றுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தில் குவிந்து கிடக்கும் பொதிகளின்மேல் நாயும் ஆட்டுக்கிடாயும் துள்ளித் திரியும் காட்சிக்கு, முகில் தவழும் மலைச்சாரலில் வருடை துள்ளுவது உவமையாகிறது. துறைமுக நகரத்து வாழ்வை விளக்குவதற்கு மலையுச்சி விலங்கு உவமையாக வந்தமை, அவ்விலங்கின் இயல்பு கடற்கரை மக்களுக்கும் அயலானதன்று என்பதைக் காட்டுகிறது. பரிபாடலில் இச்சொல் மேட ராசியையும் குறிக்கிறது. பிற்கால வழக்கில் எட்டுக்கால் கொண்ட கற்பனை விலங்கிற்கும் பெயராகிறது. சமவெளியில் சொல் கற்பனையை நோக்கி நகர்ந்தாலும், மலையடிவார வழக்கில் 'வரை', 'ஆடு' என்னும் இரு சொற்களின் சேர்க்கை உயிருள்ள விலங்கையே சுட்டிநின்றது.

ஆங்கிலேயர் இதற்கு 'ஐபெக்ஸ்' என்று பெயரிட்டனர். ஐபெக்ஸ் என்பது ஆல்ப்ஸ், இமயம் முதலிய மலைகளில் வாழும், நீண்டு வளைந்த கொம்புடைய வேறொரு காட்டாடு. 1838-இல் வில்லியம் ஒகில்பி வரையாட்டை அறிவியல் முறையில் விவரித்தார். சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் 1867-இல் வெளியிட்ட இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலில் இதனை நீலகிரிக் காட்டாடு என்றே குறித்தார். இருந்தும் வேட்டையாளர் வழக்கில் ஐபெக்ஸ் என்ற பெயரே நிலைத்தது. சட்டத்திலும் அதுவே புகுந்தது. ஆல்ப்ஸ் மலை வேட்டையின் பெருமையைத் தென்னிந்திய மலைக்கு ஏற்றிச் சொல்ல அப்பெயர் துணைசெய்தது. 2005-இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இவ்விலங்கு 'நீல்கிரிட்ராகஸ்' என்ற தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. வேறெங்கும் இல்லாத ஒரு விலங்கை, வேறெங்கோ உள்ள விலங்கின் பெயரால் அழைத்த காலமே வேட்டையின் காலம் எனலாம்.

2. இராயபுரத்திலிருந்து மலையுச்சிக்கு

1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் சென்றதைத் தொடர்ந்து, 1820-களில் உதகமண்டலம் ஐரோப்பியக் குடியிருப்பாக வளர்ந்தது. அந்நாளில் சென்னையிலிருந்து புறப்படும் படை அதிகாரி ஒருவர் பல்லக்கிலும் குதிரையிலும் மாட்டுவண்டியிலும் பல நாள் பயணம் செய்தே மலையடிவாரத்தை அடைய முடிந்தது. விடுப்பின் பெரும்பகுதி வழியிலேயே கழிந்தது. ஆகவே தொடக்கக்கால வேட்டையாளர் பெரும்பாலும் மலையில் நோய் தணிக்கத் தங்கியவர்களும், மலைப்பகுதியிலேயே பணியாற்றியவர்களும் ஆவர்.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி புறப்பட்டது. 1862-க்குள் அவ்விருப்புப்பாதை மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது; 1873-இல் மேட்டுப்பாளையம் இணைக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் மலை இரயில் ஓடத் தொடங்கியது. வடசென்னைத் துறைமுகப் பகுதியில் தொடங்கிய இப்பாதை வணிகத்திற்கும் படைப் போக்குவரத்திற்கும் அமைக்கப்பட்டதே. ஆயினும் அதன் விளைவுகளுள் ஒன்று, குறுகிய விடுப்பிலும் மலைவேட்டையைத் திட்டமிட இயன்றமை ஆகும். மலையை அடைவதற்கான காலம் சுருங்கச் சுருங்க, வேட்டையாளர் தொகை பெருகியது; விலங்கின் தொகை சுருங்கியது. நீலகிரியில் வேட்டையைக் கட்டுப்படுத்தும் கோரிக்கை 1870-களில் வலுப்பெற்றதை இப்போக்குவரத்து மாற்றத்தோடு இணைத்துக் காண வேண்டும்.

3. பருவம், காற்று, உயரம்

வரையாட்டு வேட்டையின் திட்டமிடலில் பருவத் தேர்வு முதலிடம் பெற்றது. குந்தா மலைத்தொடரும் முக்குருத்திப் பகுதியும் தென்மேற்குப் பருவமழையை நேராக எதிர்கொள்பவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கு மழையும் மூடுபனியும் பார்வையை முற்றிலும் மறைக்கும். வரையாட்டின் இணைசேர் காலமும் பெரும்பாலும் இம்மழைக்காலமே. முதிர்ந்த கிடாய்கள் அப்போது பெண்மந்தைகளுடன் கலந்து வாழும். குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பிறக்கும். மழை ஓய்ந்தபின் கிடாய்கள் தனித்தும் சிறு குழுக்களாகவும் பிரிந்து செல்கின்றன. ஆதலின் வானம் தெளிந்த மாதங்களில் வேட்டைக்குச் சென்றவர், மந்தையைக் கண்டுவிடுவதோடு அமையாமல், மந்தையை விட்டு விலகி வாழும் கிடாயைத் தேடியாக வேண்டியிருந்தது.

இரண்டாவது, நிலத்தை அறிதல். வரையாடு காலையிலும் மாலையிலும் புல்வெளியில் மேயும். நண்பகலில் பாறை விளிம்புகளில் படுத்திருக்கும். ஆபத்து கீழிருந்தே வரும் என எதிர்பார்த்துப் பள்ளத்தை நோக்கிக் காவல் புரிவது அதன் இயல்பு. எனவே மலைமுகட்டைச் சுற்றிச் சென்று, காற்று தம் பக்கம் வீசுமாறு பார்த்து, மேலிருந்து அணுகுவதே வேட்டையாளர் கைக்கொண்ட முறை. சுட்ட விலங்கு பள்ளத்தாக்கில் வீழ்ந்தால் எடுக்க இயலாது; ஆதலால் அது நிற்கும் இடத்தையும் முன்கூட்டிக் கணிக்க வேண்டும்.

மூன்றாவது, இலக்கைத் தேர்தல். வரையாட்டுக் கிடாயின் கொம்பு சுமார் 40 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். கொம்பின் அளவு வேறுபாடு தொலைவிலிருந்து எளிதில் புலப்படாது. முதிர்ந்த கிடாயின் முதுகில் தோன்றும் வெளிறிய, சேணம் போன்ற பகுதியே வயதின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அத்தகைய கிடாயை 'சேணமுதுகன்' என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரால் வேட்டையாளர் அழைத்தனர். இவ்வாறு வெற்றிச்சின்னம் தேடிய கண்களே ஆண், பெண், வயது என மந்தையைப் பிரித்துக் காணும் பயிற்சியையும் பெற்றன. 1969-இல் இரவிகுளத்தில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஷேலர் மந்தைகளை வயது, பால் வகையாகப் பிரித்து எண்ணியபோது, கிடாய்களை அதே சேண அடையாளத்தைக் கொண்டும் வகைப்படுத்தினார். நோக்கம் மாறியது, நோக்கும் முறை தொடர்ந்தது.

4. பெயரற்ற துணைவர்

ஜெனரல் டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைப் பதிவுகள் 1892-இல் நூலாயின. 1844 முதல் 1870 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகளின் தொகுப்பாகிய அந்நூல் ஆனைமலை, நீலகிரி, பழனி மலைகளைப் பற்றியது. 1862-இல் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சியை அடைந்தவராகப் பதிவு பெற்ற முதல் ஐரோப்பியர் இவரே. 'பதிவு பெற்ற முதல்' என்னும் தொடரே சிந்தனைக்குரியது. அம்மலையில் முதுவர் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றனர். அவர்கள் பாதையறிவு இன்றி அப்பகுதிப் பயணங்கள் நிகழ்ந்திருக்க இயலாது. ஆனால் அவர்கள் ஏற்றம் பதிவாகவில்லை. பதிவாகும் தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை.

வேட்டை நூல்களின் மொழிநடையில் எழுவாய் பெரும்பாலும் தன்மை ஒருமையாகவே இருக்கும். கூடாரம் எழுப்பியோர், அரிசியும் விறகும் சுமந்தோர், விலங்கின் தடம் கண்டவர், வீழ்ந்த உடலைப் பாறையிலிருந்து மீட்டவர் ஆகியோர் 'கூலிகள்', 'சிகாரி' என்னும் பொதுப்பெயர்களில் அடங்கிவிடுவர். அவர்களது உழைப்பு வாக்கியத்தின் செயப்பாட்டு வினைக்குள் மறைகிறது. வரலாற்றாய்வாளர் இந்நூல்களைத் தொழிலாளர் வரலாற்றுச் சான்றுகளாக வாசிக்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது. சுமைகளின் எண்ணிக்கை, முகாம்களுக்கிடையிலான தொலைவு, தடம் காண்போரின் கணிப்பை வேட்டையாளர் ஏற்ற அல்லது மறுத்த இடங்கள் ஆகியன அத்தகைய வாசிப்புக்கு உதவும்.

'ஆளரவமற்ற மலை' என்ற கருத்தும் இவ்வாறே மறுஆய்வுக்குரியது. நீலகிரியின் மேற்குப் புல்வெளிகள் தோடர்களின் எருமை மேய்ச்சல் நிலங்கள். தோடர் வேட்டையாடுவதில்லை. 2,554 மீட்டர் உயர்ந்த முக்குருத்தி முடி அவர்கள் நம்பிக்கையில் மறுவுலகப் பயணத்தோடு தொடர்புடையது. 1906-இல் வெளியான ரிவர்ஸின் தோடர் பற்றிய நூல் அவர்களது மறுவுலகக் கருத்துகளை விரிவாக விளக்குகிறது. வேட்டையாளருக்கு எல்லைப்புற வனமாகத் தோன்றிய இடம், தோடருக்கு இறந்தோர் செல்லும் வழியாக இருந்தது. ஒரே முடியின்மேல் இருவேறு நிலப்படங்கள் விரிக்கப்பட்டிருந்தன. அரசு ஏற்றது ஒன்றை மட்டுமே.

5. உரிமமும் விலக்கமும்

1877-இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் உருவானது. இரண்டே ஆண்டுகளில், நீலகிரி மாவட்டத்தின் வேட்டை விலங்குகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காப்பதற்கான சட்டம் 1879-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. வேட்டை தடைசெய்யப்பட்ட காலம், உரிமம், உரிமக்கட்டணம், சுடத்தக்க விலங்குகளின் வரையறை, பெண் விலங்குகளுக்கான காப்பு ஆகியவை படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1939-இல் பித்தியன்-ஆடம்ஸ் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இச்சங்கத்தின் அறுபதாண்டு வரலாற்றை எழுதினார். வேட்டைத் திட்டமிடலில் இதன்பின் உரிமமும் வானிலைக்கு நிகரான இடத்தைப் பெற்றது.

இச்சட்டத்தால் விளைந்த நன்மை மறுக்கத்தக்கதன்று. முதிர்ந்த கிடாயை மட்டும் குறிவைத்தல் என்ற ஒழுங்கு, குட்டி ஈனும் பெண் ஆடுகளைக் காத்தது. ஆனால் அச்சட்டம் வேட்டையை நிறுத்தவில்லை. வேட்டையாடும் உரிமையைப் பங்கிட்டது. கட்டணம் செலுத்தித் துப்பாக்கியுடன் வருபவர் 'விளையாட்டு வீரர்' ஆனார். கண்ணியும் வலையும் கொண்டு உணவுக்காக வேட்டையாடிய குறும்பர் முதலியோர் 'திருட்டு வேட்டையர்' ஆயினர். காட்டையும் விலங்கையும் நன்கறிந்தவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகவோ கூலியாகவோ மட்டுமே இருக்க முடிந்தது. செந்நாய் போன்ற ஊனுண்ணிகள் ஒழிக்கத்தக்கவையாகக் கருதப்பட்டு, அவற்றைக் கொல்வோர்க்கு வெகுமதி வழங்கப்பட்டதும் இவ்வமைப்பின் ஒரு பகுதியே. அங்குக் காக்கப்பட்டது காடு அன்று, சுடுவதற்கான வாய்ப்பு.

ஆனைமலையின் தெற்கில், கண்ணன் தேவன் மலைப்பகுதியில் இதற்கு இணையான அமைப்பு 1928-இல் தோன்றியது. தேயிலைத் தோட்டத்தாரின் வேட்டைக் காப்புச் சங்கம் இரவிகுளம் புல்வெளியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. முதுவர் அங்குக் காவலராக அமர்த்தப்பட்டனர். நீலகிரியோடு ஒப்பிடுகையில் இவ்வேறுபாடு முதன்மையானது. மலைமக்களின் அறிவு அங்குக் கூலிக்கு அமர்த்தப்பட்டதாயினும், குறைந்த அளவிலேனும் நிலையான பணியாக ஏற்கப்பட்டது. 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் நிலங்களை மீட்டெடுத்தது. இரவிகுளம் 1975-இல் காட்டுயிர்ப் புகலிடமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பூங்காவே இன்றும் வரையாடு மிகுதியாக வாழும் இடங்களுள் தலையாயது.

6. வேட்டைக் காப்பின் எல்லை

வேட்டைச் சங்கங்கள் விலங்கைக் காத்தன. அதன் நிலத்தைக் காக்க அவற்றால் இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீலகிரியின் மேற்குப் புல்வெளிகளில் குந்தா நீர்மின் திட்டம் எழுந்தது. தோல் பதனிடுதலுக்கு வேண்டிய பட்டைக்காகச் சீகை மரமும், செயற்கை இழை ஆலைக்காகக் கற்பூர மரமும் பரந்த புல்வெளிகளில் நடப்பட்டன. வருவாய்க் கணக்கில் புல்வெளி 'பயனற்ற நிலம்'. மரமில்லாத இடத்தை வளமில்லாத இடமாகக் கருதிய அப்பார்வை, எந்தத் துப்பாக்கியையும் விட வரையாட்டுக்குப் பெருந்தீங்கு விளைத்தது. வேட்டை உரிமத்தில் கிடாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பிருந்தது. நடவுத் திட்டத்தில் புல்லின் பரப்புக்கு அத்தகைய வரம்பு இல்லை.

1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை முதல் அட்டவணையில் சேர்த்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால வேட்டைத் திட்டமிடல் அத்துடன் முடிவுக்கு வந்தது. 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்குருத்தி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று அங்கு நடைபெறும் பணிகளுள் முதன்மையானது, முன்னர் நட்ட அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பதாகும்.

7. வடஅமெரிக்க ஒப்புமை

இந்திய முடிவின் தனித்தன்மை, வடஅமெரிக்காவின் பெருங்கொம்புச் செம்மறியின் வரலாற்றோடு ஒப்பிடும்போது தெளிவாகிறது. ராக்கி மலைகளில் வாழும் அவ்விலங்கும் கட்டற்ற வேட்டையாலும், வளர்ப்பு ஆடுகளிடமிருந்து பரவிய நுரையீரல் நோயாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் குறைந்தது. அங்கு வேட்டை நிறுத்தப்படவில்லை. குறைந்த எண்ணிக்கையிலான அனுமதிகள் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன. சில அனுமதிகள் ஏலத்தில் பல இலட்சம் டாலருக்கு விற்கப்படுகின்றன. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியும் காட்டுயிர்ப் பணிக்குச் செல்கிறது. கொம்பின் வளைவையும் வளையங்களையும் கொண்டு வயதைக் கணித்து, மாதக்கணக்கில் நிலப்படம் பயின்று மலையேறுவது அங்கு இன்றும் தொடரும் வழக்கம்.

வேட்டைப் பணம் காப்புக்குப் பயன்படும் என்பதற்கு இது சான்றாகலாம். ஆனால் அம்முறையைத் தென்னிந்தியாவுக்குப் பொருத்திக் காட்டுவோர் இரண்டைக் கருத வேண்டும். வரையாடு தனித்தனித் தீவுகள் போன்ற சிறு வாழிடங்களில் சில ஆயிரம் என்னும் அளவிலேயே எஞ்சியுள்ளது. மேலும், உரிமம் என்னும் கருவி இங்கு யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்ற வரலாறு ஏற்கெனவே நம்முன் உள்ளது. ஏலத்தில் விலையேறும் உரிமை, மலைமக்களிடமிருந்து இன்னும் தொலைவுக்கே செல்லும்.

முடிவுரை

2024-இல் தமிழ்நாட்டில் நடைபெற்ற ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. முகட்டில் ஏறி, காலைப் பொழுதில் புல்வெளியை நோக்கி, மந்தையை வயது, பால் வகையாகப் பிரித்து எண்ணும் இப்பணியில் பழைய வேட்டைத் திட்டமிடலின் ஒவ்வொரு படியும் அடையாளம் காணத்தக்கது. இறுதியில் துப்பாக்கி மட்டும் இல்லை.

வேட்டையாளர் வரையாட்டைக் காத்தனரா என்னும் வினாவுக்கு, மேற்கண்ட சான்றுகளின்வழி மூன்று முடிவுகளை எட்டலாம். வேட்டைச் சங்கங்கள் சில இடங்களில் இவ்வினம் அழியாமல் நிற்க உதவின. அதற்கு அடிப்படையான கள அறிவில் பெரும்பங்கு மலைமக்களுடையது. அவர்களுக்கோ பெயரும் உரிமையும் மறுக்கப்பட்டன. வேட்டை நலனையே அளவுகோலாகக் கொண்ட காப்பு, புல்வெளியின் அழிவைத் தடுக்கப் போதுமானதாக இல்லை. இன்றைய திட்டங்கள் வேட்டைக் காலத்து அறிவை மரபாகப் பெற்றுள்ளன. அம்மரபிலுள்ள விலக்கத்தையும் சேர்த்துப் பெறாமலிருக்க, தடம் காண்போராகவும் காவலராகவும் பணிபுரியும் முதுவர், குறும்பர், இருளர் முதலியோரின் பெயர்கள் ஆய்வறிக்கைகளில் அறிவாளர் நிலையில் இடம்பெற வேண்டும். மேய்ச்சல் நிலமாகப் புல்வெளியைப் பேணிய தோடரின் உரிமையும் மீட்புப் பணிகளில் கருதப்பட வேண்டும். வேட்டை நூல்களில் செயப்பாட்டு வினைக்குள் மறைந்தவர்களை எழுவாயாக்குவது தமிழ் வரலாற்றெழுத்தின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.